கூகுளில் உங்கள் தளம் மேலே வரவேண்டுமா? முதலில் ஆட்களிடம் கேளுங்கள்

உங்கள் தளத்துக்கு வருகிறவர்கள் கூகுளில் எதைத் தேடி வந்தார்கள் என்பதை, தளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் காட்டிவிடும். தேடியும் உங்களிடம் வந்து சேராதவர்கள் என்ன டைப் செய்தார்கள் என்பதை அது காட்டாது, காட்டவும் முடியாது. உங்கள் பக்கம் ஒரு தடவையாவது தேடல் முடிவில் தலைகாட்டியிருந்தால்தான் அந்தச் சொல் அங்கே பதிவாகும். அப்படிப் பதிவானதிலும், மிகக் குறைந்த பேர் தேடிய சொற்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் மறைத்துவிடுகிறது, அட்டவணையில் அதிகபட்சம் 1000 வரிதான் தெரியும். எந்தச் சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுளின் கீவேர்ட் பிளானரைத் திறந்தால், விளம்பரத்துக்குப் பணம் போடாதவர்களுக்கு "100 முதல் 1000 வரை" என்பதுபோல ஒரு வீச்சுதான் கிடைக்கும், தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்கு அதுவும் கிடைக்காது. ஆக, தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கு மற்றவர்களைவிட இந்த வேலை அதிகம் தேவை: ஆட்களிடம் நேராகக் கேட்பது.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். சர்வே எடுப்பதால் மட்டும் தளம் மேலே போகாது. உங்கள் கூகுள் ஃபார்மில் எத்தனை பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள் என்பது தேடுபொறிக்குத் தெரியவும் தெரியாது. சர்வே உங்களுக்குக் கொடுப்பது இரண்டு: மக்கள் வாயில் வரும் சொற்கள், அவர்கள் மனத்தில் இருக்கும் சந்தேகங்கள். அவற்றைக் கொண்டுபோய்த் தலைப்பிலும் முதல் பத்தியிலும் படத்தின் கீழும் சரியாக வைக்கும்போதுதான் தேடலில் வித்தியாசம் தெரியும்.

இது புது யோசனையும் இல்லை. எஸ்இஓ ஆட்கள், அதாவது தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை செய்கிறவர்கள், எல்லாரும் இன்று பேசும் "தேடுபவரின் நோக்கம்" என்ற கருத்துக்குப் பின்னாலும் ஒரு சர்வே இருக்கிறது. கணினி விஞ்ஞானி ஆந்த்ரே பிரோடர் 2002-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், அல்டாவிஸ்டா தேடுபொறியைப் பயன்படுத்தியவர்களிடமே "எதற்காகத் தேடுகிறீர்கள்" என்று கேட்டு, தேடல் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தேடல்களை மூன்றாகப் பிரித்தார்: ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போக, ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள, ஒரு காரியத்தை முடிக்க. பதிவுகளை மட்டும் வைத்து நோக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் கேட்டார்கள். நமக்கும் அதே காரணம்தான்.

இன்னொரு பழைய ஆய்வும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. 1987-இல் ஜார்ஜ் ஃபர்னஸும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரே பொருளுக்கு ஆட்கள் தாங்களாக என்ன பெயர் வைக்கிறார்கள் என்று பார்த்தார்கள். இரண்டு பேர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தது. நீங்கள் தளத்தில் எழுதியிருக்கும் சொல், உங்களைத் தேடும் ஐந்து பேரில் நான்கு பேர் வாயில் வராமல் போக வாய்ப்பிருக்கிறது என்று இதைப் புரிந்துகொண்டால் போதும். ஆங்கிலத்திலேயே அந்த நிலை. தமிழில் ஒரு காய்க்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரே சொல்லைத் தமிழ் எழுத்திலும் டைப் செய்கிறார்கள், ஆங்கில எழுத்திலும் டைப் செய்கிறார்கள், மைக்கை அழுத்திப் பேசியும் தேடுகிறார்கள்.

எல்லாவற்றையும் பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. மாடித்தோட்டத்துக்கு விதை, குரோ பேக், வேப்பெண்ணெய் எல்லாம் விற்கும் ஒரு சின்னத் தளத்தை எடுத்துக்கொள்வோம். விற்பனைப் பக்கங்களோடு "எப்படி வளர்ப்பது", "பூச்சி வந்தால் என்ன செய்வது" என்று கட்டுரைகளும் இருக்கின்றன. உங்கள் தளம் வேறு துறையாக இருந்தாலும் வழி இதுதான், பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

யாரிடம் கேட்பது

பெரும்பாலானோர் தளத்துக்குள் வந்தவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்கள் ஏற்கனவே உங்களைக் கண்டுபிடித்துவிட்டவர்கள், உங்கள் சொல்லும் அவர்கள் சொல்லும் ஒத்துப்போனதால்தான் வந்தார்கள். பக்கத்தில் எது குறைகிறது என்று சொல்ல அவர்கள் சரியான ஆட்கள். புதுச் சொற்கள் வேண்டுமென்றால் உங்களைப் பற்றிக் கேள்வியே படாதவர்களிடம் போக வேண்டும். தெரு நர்சரியில் செடி வாங்க நிற்பவர்கள், விதைத் திருவிழாவுக்கு வருபவர்கள், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் செடி படம் போடுபவர்கள். உங்கள் அத்தை மாடியில் நாலு தொட்டி வைத்திருந்தால் அவரும்தான்.

இவர்களுக்கு நடுவில் பழைய வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் என்ன தயக்கம் இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அப்புறம், உங்கள் கடையில் போன் எடுப்பவர் ஒருவர் இருப்பாரே, அவரை மறந்துவிடாதீர்கள். ஒரு மாதம் வரும் ஒவ்வொரு அழைப்பிலும் வாடிக்கையாளர் சொன்ன முதல் வாக்கியத்தை அப்படியே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். "தக்காளி செடி பூ பூக்குது, ஆனா காய் பிடிக்க மாட்டேங்குது" என்று ஒருவர் சொன்னால் அப்படியே இருக்கட்டும். "மகரந்தச் சேர்க்கைப் பிரச்சினை" என்று திருத்தி எழுதிவிட்டால் அந்த வரிக்கு மதிப்புப் போய்விடும்.

என்ன கேட்பது

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். "எங்கள் தளம் பயனுள்ளதாக இருக்கிறதா?" என்று கேட்டால் நம் ஊர் மரியாதைக்கு எல்லாரும் "ஆமாம், ரொம்ப நல்லா இருக்கு" என்றுதான் போடுவார்கள். அதை வைத்து எந்தப் பக்கத்தையும் திருத்த முடியாது. "எதிர்காலத்தில் எதைப் பற்றிப் படிக்க விரும்புகிறீர்கள்?" என்பதும் அதேபோல்தான், யோசித்து நல்ல பிள்ளையாக ஒரு பதில் வரும். நிஜத்தில் அவர் அதைத் தேடியிருக்க மாட்டார். அபிப்பிராயத்தை விட்டுவிட்டு, செய்ததைக் கேளுங்கள்.

"செடி சம்பந்தமாகக் கடைசியாகக் கூகுளிலோ யூடியூபிலோ என்ன தேடினீர்கள்? போனில் ஹிஸ்டரியைப் பார்த்து அப்படியே எழுதுங்கள், எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை." இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில்களே ஒரு மாத வேலையைக் கொடுக்கும். பிழை பரவாயில்லை என்று சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் ஆட்கள் அழகுபடுத்தி எழுதுகிறார்கள்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த முறை: வார்த்தையே இல்லாமல் ஒரு படத்தைக் காட்டிக் கேட்பது. செம்பருத்திக் கிளையில் மாவுப்பூச்சி அப்பியிருக்கும் ஒரு படத்தைப் போட்டு, "உங்கள் செடியில் இப்படி இருந்தால் கூகுளில் என்ன டைப் செய்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். கேள்வியில் "மாவுப்பூச்சி" என்ற சொல்லை நீங்களே சொல்லிவிட்டால் பத்துப் பேரும் அதையே திருப்பி எழுதுவார்கள். படத்தை மட்டும் காட்டினால் "செம்பருத்தி செடியில் வெள்ளை பூச்சி", "செடில பஞ்சு மாதிரி இருக்கு", "பூச்செடி வெள்ளை புழு மருந்து", "செம்பருத்தி மொட்டு உதிர்வது ஏன்" என்றெல்லாம் வரும். பாதிப் பேர் பூச்சியின் பெயரைத் தேடவே மாட்டார்கள், கண்ணில் பட்டதைத் தேடுவார்கள். பெயர் தெரிந்திருந்தால் அவர்களுக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும், கூகுளுக்கு வர வேண்டியதே இருந்திருக்காது.

தளத்துக்குள் வந்தவரிடம் இரண்டு கேள்வி போதும். "இன்று எதற்காக இங்கே வந்தீர்கள்?" "அது கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் எது விட்டுப்போயிருந்தது?" இரண்டுமே தாமாக எழுதும் பதிலாக இருக்கட்டும். மூன்றாவது கேள்வி வந்தாலே மூடிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் படிவத்தில் ஐந்தாறு வரை போகலாம். "எங்களிடம் வாங்குவதற்கு முன் வேறு எங்கெல்லாம் பார்த்தீர்கள்?", "ஆர்டர் போடும் முன் எந்தச் சந்தேகத்தால் தயங்கினீர்கள்?", "விதை வந்த பிறகு எதற்காகவாவது மறுபடி கூகுளில் தேடினீர்களா?" இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. விதை கைக்கு வந்ததும் "மிளகாய் விதை எத்தனை நாளில் முளைக்கும்" என்று அவர் வேறொரு தளத்தில்தான் போய்ப் படித்திருப்பார், அந்தப் பக்கம் உங்களிடம் இருந்திருக்க வேண்டும்.

தேர்வு செய்யும் விடைகள் கொடுப்பதாக இருந்தால், கூகுள் ஃபார்மில் விடைகளின் வரிசையை ஒவ்வொருவருக்கும் மாற்றிக் காட்டும் வசதி இருக்கிறது, அதை ஆன் செய்துவிடுங்கள், முதலில் இருப்பதையே தட்டிவிட்டுப் போகும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு. "வேறு" என்று எழுத ஓர் இடமும் வேண்டும். ஆனால் சொற்களைத் திரட்டுவதுதான் நோக்கம் என்றால் தேர்வு விடைகளே வேண்டாம். விடையை நீங்கள் எழுதிக் கொடுத்தால் உங்கள் சொல்தான் திரும்பி வரும்.

டைப் செய்யச் சோம்பல்படுகிறவர்களிடம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். வயதானவர்கள், தமிழ் டைப்பிங் பழகாதவர்கள் எல்லாம் இதில் தாராளமாகப் பேசுவார்கள். "அண்ணா, என் கத்திரிச் செடி நல்லா வந்துச்சு, இப்ப திடீர்னு தலை மட்டும் தொங்குது, காலையில் சரியாயிடுது, மத்தியானம் மறுபடி தொங்குது" என்று ஒருவர் பேசுவதில் நான்கு கட்டுரைக்கான விஷயம் இருக்கிறது. கேட்டு, பேசியபடியே எழுதி வையுங்கள். மைக்கில் பேசித் தேடுபவர்களின் வாக்கியமும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்.

எங்கே வைப்பது, எதை வைக்கக்கூடாது

பக்கம் திறந்ததும் திரையை மறைத்துக்கொண்டு "ஒரு நிமிடம் எங்களுக்காக" என்று பாப்-அப் போடாதீர்கள். மொபைலில் உள்ளடக்கத்தை மறைக்கும் இப்படிப்பட்ட பாப்-அப்களால் தேடலில் பக்கம் பின்னுக்குப் போகலாம் என்று கூகுள் அறிவித்து 2017 ஜனவரியிலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. தேடலில் மேலே வருவதற்காக எடுக்கும் சர்வேயாலேயே கீழே இறங்கினால் என்ன பயன். கட்டுரை முடியும் இடத்தில் சாதாரணமாக இரண்டு வரியும் ஒரு இணைப்பும் போதும். சர்வேக்கென்று விற்கப்படும் சில கருவிகள் பக்கத்தில் கனமான ஸ்கிரிப்டை ஏற்றிவிடும், தாமதமாக வந்து எழுத்தைக் கீழே தள்ளும். முக்கிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். கருவியைப் போடுவதற்கு முன்னும் பின்னும் பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எனக்குக் கேட்டால், சின்னத் தளத்துக்கு ஒரு கூகுள் ஃபார்ம் இணைப்பே போதும்.

போன் நம்பர், முகவரி எதையும் தேவையில்லாமல் வாங்காதீர்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் வைத்து, வாங்குவதாக இருந்தால் எதற்காக என்று சொல்லி ஒப்புதலோடு வாங்குங்கள். ஊர் அல்லது மாவட்டம் மட்டும் கேட்டுவைத்தால் உதவும், ஏன் என்று பின்னால் வருகிறது. நன்றியாக ஒரு கீரை விதைப் பாக்கெட் கொடுப்பதில் தவறில்லை, பதில் சொன்ன எல்லாருக்கும் கொடுங்கள். "குலுக்கலில் பெரிய பரிசு" என்றால் செடியே இல்லாதவர்களும் நிரப்பிவிட்டுப் போவார்கள். ஒன்று மட்டும் கூடவே கூடாது: அந்தப் பாக்கெட்டுக்குப் பதிலாகக் கூகுள் மேப்பில் ரிவ்யூ போடச் சொல்வது. பரிசு கொடுத்து ரிவ்யூ வாங்குவதைக் கூகுள் தடை செய்திருக்கிறது.

எத்தனை பேர் தேவை என்று கேட்பார்கள். சொற்களுக்கும் சந்தேகங்களுக்கும் எண்ணிக்கை பெரிதில்லை. பதில்களை வரிசையாகப் படித்துக்கொண்டே போங்கள், புதிதாக எதுவும் வராமல் பழையவையே திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தால் போதும் என்று அர்த்தம். பெரும்பாலும் முப்பது நாற்பது பேரிலேயே அந்த இடம் வந்துவிடும். "எத்தனை சதவீதம்" என்று சொல்ல ஆசைப்பட்டால் கதை வேறு. எந்தச் சாய்வும் இல்லாமல் தேர்ந்தெடுத்த 100 பேர் என்றாலும் பிழை வீச்சு 10 சதவீதம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருக்கும், 400 பேர் என்றால் 5. உங்கள் பட்டியல் அப்படித் தேர்ந்தெடுத்ததும் இல்லை. அதனால் சர்வேயிலிருந்து சொல்லை எடுங்கள், எண்ணிக்கையை வேறு இடத்தில் சரிபாருங்கள்.

பதில்களை என்ன செய்வது

ஒரு ஷீட் திறங்கள். முதல் நெடுவரிசையில் அவர் எழுதியது, ஓர் எழுத்துகூட மாற்றாமல். பக்கத்தில் அவர் ஊர். அதற்கடுத்து, உண்மையில் அவருக்கு வேண்டியது என்ன என்று நீங்கள் புரிந்துகொண்டது. கடைசியில், இதற்குப் பதில் சொல்லும் பக்கம் நம்மிடம் இருக்கிறதா, இருந்தால் எது. பிறகு மூன்றாவது நெடுவரிசையை வைத்துக் குழுவாக்குங்கள், முதல் நெடுவரிசையை வைத்து ஆக்காதீர்கள். "வெள்ளை பூச்சி", "பஞ்சு மாதிரி", "மாவு பூச்சி மருந்து" மூன்றும் ஒரே குழு. "தக்காளி விதை" என்று ஒரே மாதிரி எழுதிய இருவர், ஒருவர் வாங்க வந்தவராகவும் மற்றவர் வீட்டுத் தக்காளியிலிருந்து விதை எடுப்பது எப்படி என்று கேட்பவராகவும் இருந்தால் இரண்டும் தனித்தனிக் குழு. பிரோடர் சொன்ன நோக்கம் இங்கேதான் வேலைக்கு வருகிறது.

குழு பிரித்ததும் ஒவ்வொன்றையும் கூகுளில் போட்டுப் பாருங்கள், உங்கள் பழைய தேடல் வரலாறு கலக்காத இன்காக்னிட்டோ ஜன்னலில். டைப் செய்யும்போதே என்னென்ன பரிந்துரை வருகிறது, முடிவில் முழுக்க வீடியோவா, கடைகளா, கட்டுரைகளா என்று கவனியுங்கள். முதல் பக்கம் முழுக்க யூடியூப் வீடியோ என்றால் அங்கே ஆயிரம் வரிக் கட்டுரை எழுதி மோதுவதைவிட ஒரு சின்ன வீடியோ எடுத்துப் பக்கத்தில் சேர்ப்பது நல்லது. சர்ச் கன்சோலில் அந்தச் சொல்லை வடிகட்டிப் பாருங்கள். இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் பக்கம் காட்டப்பட்ட தடவை) இருந்து கிளிக் இல்லை என்றால் பக்கம் ஏற்கனவே இருக்கிறது, தலைப்பு சரியில்லாமல் இருக்கலாம். இம்ப்ரெஷனே இல்லை என்றால் அந்தச் சொல் உங்கள் பக்கத்தில் எங்கேயும் இல்லாமல் இருக்கலாம், அல்லது பக்கமே இல்லாமல் இருக்கலாம். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்களில் எது அதிகம் தேடப்படுகிறது என்று பார்க்கக் கூகுள் ட்ரெண்ட்ஸ் உதவும். அது காட்டுவது 0 முதல் 100 வரையிலான ஒப்பீடுதான், தேடல் எண்ணிக்கை இல்லை என்பதை மறக்காதீர்கள்.

இப்போது மாவுப்பூச்சிப் பக்கத்தைத் திருத்துவோம். பழைய தலைப்பு "மாவுப்பூச்சி மேலாண்மை" என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம், வேளாண்மைப் பாடப்புத்தகத்தில் வருவதுபோல. புதிய தலைப்பு: "செம்பருத்தியில் பஞ்சு போல வெள்ளைப் பூச்சியா? மாவுப்பூச்சியை விரட்டும் வழி". மக்களின் சொல், முறையான பெயர் இரண்டுமே உள்ளே இருக்கின்றன. பெயர் தெரிந்து தேடுகிறவரையும் இழக்கவில்லை.

முதல் பத்தி இன்னும் முக்கியம். பதில்களைக் கவனமாகப் படித்தால், "வெள்ளை பூச்சி" என்று எழுதியவர்களில் சிலர் சொல்வது மாவுப்பூச்சியை இல்லை, வெள்ளை ஈயை. அதனால் பக்கம் இப்படித் தொடங்க வேண்டும்: "இலையைத் தட்டினால் வெள்ளையாகப் பறக்கிறதா? அது வெள்ளை ஈ, அதற்கான பக்கம் இங்கே. பறக்காமல் தண்டிலும் மொட்டிலும் பஞ்சு போல ஒட்டியிருக்கிறதா, எறும்பும் ஊர்கிறதா? அது மாவுப்பூச்சி, தொடர்ந்து படியுங்கள்." வந்தவருக்குத் தன் பிரச்சினை எது என்று நாலு வரியில் தெரிந்துவிடும். அதற்கடுத்த வரியிலேயே வேலையைச் சொல்லிவிடுங்கள்: அதிகம் அப்பிய கிளையை வெட்டி அப்புறப்படுத்து, மிச்சத்தைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளி, வாரம் ஒரு தடவை திரும்பச் செய். பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி எல்லாம் கீழே இருக்கட்டும், வேண்டியவர் இறங்கிப் படிப்பார்.

படத்தின் கீழே "படம் 1" என்று விடாமல், "செம்பருத்தி மொட்டில் பஞ்சு போல ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சி" என்று எழுதுங்கள், மாற்று உரையிலும் (படம் தெரியாதபோது அதற்குப் பதிலாக வரும் வரி) அதுபோலவே. மற்ற பக்கங்களிலிருந்து இதற்கு இணைப்புக் கொடுக்கும்போது "இங்கே கிளிக் செய்யவும்" என்று கொடுக்காமல் "மொட்டில் வெள்ளைப் பூச்சி வந்தால்" என்று கொடுங்கள். பக்கத்தின் குறியீட்டில் சொற்களைப் பட்டியலிட இருக்கும் பழைய மெட்டா கீவேர்ட்ஸ் பெட்டியில் இந்தச் சொற்களை எல்லாம் அடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை வரிசைப்படுத்தக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது, அந்த நேரத்தை மிச்சம் பிடியுங்கள்.

ஊர் கேட்டு வைக்கச் சொன்னேனே, அது விதைப் பக்கத்துக்கு. சென்னையில் பரங்கிக்காய் என்பதைக் கோவை, ஈரோடு பக்கம் அரசாணிக்காய் என்பார்கள், வேறு சிலருக்கு அது மஞ்சள் பூசணி. மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பவர்களும் மரச்சீனி என்பவர்களும் இருக்கிறார்கள். இதற்காகப் பெயருக்கு ஒரு பக்கம் என்று மூன்று பக்கம் போடாதீர்கள், உங்கள் பக்கங்கள் ஒன்றோடொன்று போட்டி போடும், ஒரே விஷயத்தைச் சொல் மாற்றிக் குவிப்பதைக் கூகுள் 2024 மார்ச்சிலிருந்து கடுமையாகவே பார்க்கிறது. ஒரே பக்கம், தலைப்பில் அதிகம் தேடப்படும் பெயர், முதல் வரியில் மற்ற பெயர்கள்: "கொங்குப் பக்கம் அரசாணி என்று சொல்லும் பரங்கிக்காயின் நாட்டு விதை". படிக்கும்போது உறுத்தாமல் வரவேண்டும். காற்புள்ளி போட்டுப் பத்துப் பெயரை அடுக்கினால் படிப்பவர் ஓடிவிடுவார்.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தேடுகிறவர்களுக்காகக் கட்டுரைக்கு நடுவில் ஆங்கில எழுத்துத் தமிழைத் திணிக்க வேண்டியதில்லை. புதுப் பக்கத்தின் முகவரியில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். தமிழ் எழுத்தில் முகவரி வைத்தால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது பல நேரம் சதவீதக் குறியும் எண்ணுமாக மூன்று வரிக்கு நீண்டு, ஏதோ வைரஸ் இணைப்பு போலத் தெரியும், ஆட்கள் தொடப் பயப்படுவார்கள். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தின் முகவரியை மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் பழையதிலிருந்து புதியதற்கு ஆட்களை நிரந்தரமாக அனுப்பிவிடும் 301 திருப்பல் போட்டுவிட்டு மாற்றுங்கள்.

வாங்கும் முன் இருந்த தயக்கங்களாக வந்தவற்றை விற்பனைப் பக்கத்தில் வையுங்கள். "ஒரு பாக்கெட்டில் எத்தனை விதை?", "நாட்டு விதையா ஹைபிரிடா, அடுத்த வருஷம் இதிலிருந்தே விதை எடுக்கலாமா?", "முளைப்புத் திறன் எவ்வளவு?", "எந்த மாதம் போடலாம்?" இவைதான் வரும். "உயர்தர விதைகள்" என்று எழுதியிருக்கும் இடத்தை அழித்துவிட்டு இவற்றுக்கு நேரான பதிலைப் போடுங்கள். ஹைபிரிட் என்றால் அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடி போலவே வராது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கேள்வி பதிலுக்கான ஸ்கீமா (இது கேள்வி, இது பதில் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு) போட்டால் தேடல் முடிவில் விரிந்து தெரியும் என்று இன்னும் பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2023 ஆகஸ்டிலேயே அந்த வசதியை அரசு மற்றும் மருத்துவத் துறையின் பெரிய தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது. கேள்வி பதிலைப் படிப்பவருக்காக எழுதுங்கள், அது போதும்.

இன்னொரு பயன், பலர் கவனிக்காதது. பதில் சொன்னவர்களில் சிலர் படத்தோடு தங்கள் அனுபவத்தை விரிவாக எழுதுவார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டு அதைப் பக்கத்தில் சேருங்கள். உள்ளடக்கத்தை மதிப்பிடும் வழிகாட்டியில் "நேரடி அனுபவம்" என்பதைக் கூகுள் 2022 டிசம்பரில் சேர்த்தது, நிஜ மாடியில் எடுத்த படத்துக்கு ஈடாக விலைக்கு வாங்கிய எந்தப் படமும் வராது. சர்வே முடிவையே ஒரு கட்டுரையாகவும் போடலாம்: மாடித்தோட்டக்காரர்கள் அதிகம் திண்டாடுவது எந்தப் பூச்சியிடம் என்பது போல. வேறு எங்கும் இல்லாத தகவல் என்பதால் மற்றவர்கள் தாமாக இணைப்புக் கொடுக்க வாய்ப்பு உண்டு. எத்தனை பேரிடம், எந்த மாதம், எப்படிக் கேட்டீர்கள் என்பதை மேலேயே எழுதிவிடுங்கள், "தமிழ்நாடு முழுவதும்" என்று ஊதிவிடாதீர்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

ஒவ்வொரு பக்கத்தையும் என்று திருத்தினீர்கள் என்று தேதி குறித்து வையுங்கள். எல்லாப் பக்கத்தையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒரே மாதிரியான இரண்டு மூன்று பக்கங்களைத் தொடாமல் விட்டுவையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் கை கொடுக்கும். திருத்திய பக்கத்தை சர்ச் கன்சோலின் யுஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் போட்டு, மறுபடி பார்க்கச் சொல்லிக் கூகுளிடம் கேட்கலாம். அதன்பின் சில வாரம் பொறுமையாக இருங்கள். முதலில் மாறுவது இம்ப்ரெஷன்: இதுவரை இல்லாத சொற்கள் பட்டியலில் தலைகாட்டும். கிளிக் பிறகுதான் வரும். சராசரி இடத்தைப் பார்த்துப் பதறாதீர்கள், புதுச் சொற்கள் முதலில் நாற்பதாவது ஐம்பதாவது இடத்தில் நுழையும்போது அந்தப் பக்கத்தின் சராசரி மோசமானதுபோலக் காட்டும். சர்வேயில் கிடைத்த சொற்களை மட்டும் வடிகட்டி, ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள்.

செடி விஷயத்தில் பருவம் பெரிய ஆள். ஆடிப்பட்டம் நெருங்கும்போது விதைத் தேடல் தானாகவே ஏறும், அதை உங்கள் திருத்தத்தின் பலன் என்று நினைத்துவிடக் கூடாது. முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருஷம் இதே நாட்களோடு ஒப்பிடுங்கள், சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கு வைத்திருப்பதால் முடியும்.

அதே காரணத்தால் சர்வேக்கும் மாதம் பார்க்க வேண்டும். ஆடிக்கு விதை தேடுபவர்களுக்காகச் சித்திரையிலேயே கேட்டு, வைகாசி முடிவதற்குள் பக்கங்களைத் திருத்தி முடித்தால் தேடல் ஏறும் நேரத்தில் கூகுள் அவற்றைப் படித்து முடித்திருக்கும். அடுத்த சுற்றை ஐப்பசியில் வைத்துக்கொள்ளுங்கள், தைப்பட்டத்துக்கு முன் அவகாசம் இருக்கும். அது மழைக்காலம் என்பதால் படத்தை மட்டும் மாற்றுங்கள். மாவுப்பூச்சிக்குப் பதிலாகத் தண்ணீர் தேங்கி இலை மஞ்சளான தொட்டிச் செடி ஒன்று, நத்தை தின்ற கீரை ஒன்று. கேள்வி பழையதேதான்.